எழுதியவனையே கட்டும் எழுத்து

திருப்பூணித்துறைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் மட்டாஞ்சேரியைக் காட்டச் சொல்வார்கள். ஜூ டவுன் தெரு, மசாலா வாசனை, 1568-ல் கட்டிய பரதேசி ஜூதப் பள்ளி என்று சுற்றிச் சுற்றி நானே பாதி கைடு ஆகிவிட்டேன். அப்படி என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைக்கு: ‘கெத்துபா’.

யூதர்களின் கல்யாணப் பத்திரத்துக்கு அந்தப் பெயர். கொச்சி யூதர்கள் அதைச் சுற்றிலும் பூவும் கொடியும் வரைந்து அழகாக எழுதி வைத்தார்கள். உள்ளே ஆசீர்வாத வசனங்கள்தான் இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால், நம்ம வங்கிக் கடன் பத்திரம் தோற்றது போங்கள்!

மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடன்பட்டவன். முதல் கல்யாணம் என்றால் 200 ஸூஸ் (பழைய வெள்ளி நாணயம்), விதவை என்றால் 100. அவன் விவாகரத்து செய்தாலும் இறந்துபோனாலும் அந்தத் தொகை அவளுக்குச் சேர வேண்டும். அதற்கு அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாமே ஈடு, தோளில் கிடக்கும் மேலங்கி உள்பட! கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. மனைவியைத் தள்ளி வைப்பது ஒருவனுக்குச் சுலபமாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம் என்று யூத சட்ட அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பத்திரத்தின் மொழி எபிரேயம் அல்ல, அரமேயம். பாரசீகப் பேரரசு காலத்தில் எகிப்து வரைக்கும் ஆபீஸ் பாஷை அதுதான். நைல் நதியில் உள்ள எலிஃபன்டைன் தீவில், கி.மு. 449-ல் ஒரு யூதர் அரமேயத்தில் எழுதிக்கொண்ட கல்யாண ஒப்பந்தமே கிடைத்திருக்கிறது.

பைபிளின் பழைய ஏற்பாட்டிலும் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன. தானியேல், எஸ்றா புத்தகங்களில்தான் அதிகம். அங்கே வரும் சொல் ‘கெத்தாப்’. க-த-ப என்ற ஒரே வேர்தான். அரபியில் ‘கிதாப்’, நம் முஸ்லிம் பிள்ளைகள் ஓதப் போகும் ‘மக்தப்’ எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஆனால் பைபிளில் கெத்தாப் என்றால் புத்தகம் அல்ல, எழுத்து. அதாவது, எழுதி முடிவாகிவிட்ட விஷயம்.

மூன்று இடங்களைச் சொல்கிறேன். தானியேல் 5-ம் அதிகாரத்தில், விருந்து நடக்கும்போது அரண்மனைச் சுவரில் ஒரு கை எழுதுகிறது: மெனே, தெக்கேல், பெரேஸ். இவை மினா, ஷெக்கேல், அரை மினா என்ற எடைகளின் பெயர்கள் என்று 1886-ல் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ விளக்கினார். எண்ணியாச்சு, நிறுத்தாச்சு, பிரிச்சாச்சு என்று தானியேல் அதற்குப் பொருள் சொல்கிறார். ராஜாவின் கணக்கை முடித்த எழுத்து அது.

அடுத்த அதிகாரத்தில் இன்னொரு ராஜா, தரியு. அதிகாரிகள் நீட்டிய கெத்தாப்பை ஏற்று ஆணை இட்டுவிடுகிறார். அதில் தானியேல் மாட்டிக்கொள்கிறார். சூரியன் மறையும் வரைக்கும் காப்பாற்ற வழி தேடியும் ராஜாவால் முடியவில்லை. எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது. நாம் ‘தலையெழுத்து’ என்கிறோமே, அந்த மாதிரி.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எஸ்றா 7-ல் எருசலேம் கோயிலுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று பாரசீக மன்னர் கஜானாக்காரர்களுக்கு உத்தரவு போடுகிறார். வெள்ளி 100 தாலந்து வரை, கோதுமை, திராட்சரசம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு. உப்புக்கு மட்டும் ‘கெத்தாப் இல்லாமல்’. அதாவது லிமிட் கிடையாது! சாங்ஷன் லெட்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

மட்டாஞ்சேரி யூதர்களிடம் நம் பக்கத்து எழுத்து ஒன்றும் இருந்தது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்து, தமிழுக்கு மிக நெருங்கிய அன்றைய சேர நாட்டு மொழி, கடைசியில் சாட்சிகள் பெயர். பரதேசிப் பள்ளியில் அதைப் பொத்திப் பாதுகாத்தார்கள். வந்தேறிகளாக வந்தவர்களுக்கு, ராஜா வாயால் சொன்னதைவிட செம்பில் எழுதியதுதான் பலம். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். ஆட்கள் போன பிறகும் எழுத்து நிற்கிறது.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? சில வருடங்களுக்கு முன் கவுண்டரில் ஒரு அம்மா வந்து நின்றார். கணவர் வெளிநாட்டில் இறந்துவிட்டார். கணக்கு அவர் பெயரில் மட்டும், நாமினி இல்லை. “எல்லாம் உனக்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு சார்” என்றார். நான் என்ன செய்ய முடியும்? வாரிசுச் சான்றிதழ், அந்தப் படிவம், இந்தப் படிவம் என்று மாதக்கணக்கில் அலைந்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஊரை விட்டு வந்து சம்பாதிக்கும் நாம் எல்லோரும் வீட்டில் நிறைய வாக்குக் கொடுத்திருக்கிறோம். இன்று ராத்திரி பாஸ்புக்கை எடுத்து நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே எழுதிக் கொடுங்கள். அதுதான் நம்ம கெத்துபா.