சட்டசபையில் கேள்வி பிறந்த வரலாறு

1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதியன்று, வைஸ்ராயின் சட்டசபையில் ஔத் பிரதேசத்துப் பிங்கா ராஜா எழுந்து, சுற்றுப்பயணம் வரும் சர்க்கார் அதிகாரிகளுக்கு வேண்டிய சாமான்களைச் சேகரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டினால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டங்களைக் குறித்து வினவினார். இந்நாட்டுச் சட்டசபைகளில் விதிப்படி கேட்கப்பட்ட முதற் கேள்வி இதுவே என்று பாராளுமன்ற வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அக்காலத்துச் சபையில் கட்சி என்ற ஒன்றே கிடையாது. யுத்தம், எல்லை, பொக்கிஷம் என்று எத்தனையோ பெரிய விஷயங்கள் காத்திருக்க, ஒரு சிற்றூர்க் கடைக்காரனுடைய குறை முதலில் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், அன்றுமுதல் இன்றுவரை கேள்வி நேரத்தின் ஜீவன் இத்தகைய குறைகளிலேதான் தங்கியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு வண்டியில் உட்கார இடமில்லை, தபால் கார்டின் விலை ஏறிவிட்டது, ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு சாராரை அண்டவிடுவதில்லை, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று சாமானிய ஜனங்கள் திண்ணையில் உட்கார்ந்து முறையிடுவனவற்றை, பதில் சொல்லும் கடமையுள்ள ஒருவர் முன் கொண்டுபோய் நிறுத்துவதே அந்த நேரத்தின் பயன்.

இந்த உரிமை நமக்குத் தானமாக வந்ததன்று. 1853-ஆம் வருஷத்துச் சாசனத்தின்படி விஸ்தரிக்கப்பட்ட கல்கத்தாச் சட்டசபை, சட்டம் செய்வதோடு நில்லாமல் நிர்வாகத்தின் தஸ்தாவேஜுகளைக் கேட்பதும், அதன் செய்கைகளுக்குக் காரணம் விசாரிப்பதுமாக ஒரு குட்டிப் பாராளுமன்றம்போல் நடந்துகொள்ள முற்பட்டது. அதில் இந்தியர் ஒருவரும் இல்லை. கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் ஆங்கிலேயர்களே. அப்படியிருந்தும் லண்டனில் இந்தியா மந்திரியாக வீற்றிருந்த ஸர் சார்லஸ் வுட்டுக்கு அந்தப் போக்குப் பிடிக்கவில்லை. 1861-ஆம் வருஷத்துச் சாசனம் சபையில் இந்தியர் சிலருக்கு ஆசனமளித்தபோதே, சட்ட மசோதாக்களைத் தவிர வேறெதையும் அங்கே பிரஸ்தாபிக்கலாகாது என்று வாயைக் கட்டிவிட்டது.

1885-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் முதன்முதலாகக் கூடிய காங்கிரஸ் மகாசபை நிறைவேற்றிய தீர்மானங்களுள் ஒன்று, சட்டசபைகளை விஸ்தரிக்க வேண்டும் என்பதுடன், நிர்வாகத்தின் எல்லாக் கிளைகளைப் பற்றியும் சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமை அங்கத்தினர்களுக்கு வேண்டும் என்றும் கோரியது. பிரேரேபித்தவர் பம்பாயைச் சேர்ந்த காசிநாத் திரியம்பக் தெலாங். ஆமோதித்தவர் நம் மணி ஐயர், அதாவது எஸ். சுப்பிரமணிய ஐயர். மகாசபை தன் முதற் கூட்டத்திலேயே வேண்டி நின்றவற்றுள் கேள்வி கேட்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது என்பது கவனிக்கத் தக்கது. ஆட்சி கையில் வருவதற்கு முன், ஆட்சியின் கணக்கையாவது கேட்டறிய வேண்டும் என்று அந்தப் பெரியோர்கள் கருதினார்கள்.

ஏழாண்டுகள் கழித்து, 1892-ஆம் வருஷத்துச் சாசனம் அந்த உரிமையைக் கொடுத்தது. கொடுத்த கையோடு அதற்கு விலங்கும் பூட்டியது. முன்னறிவிப்பு இல்லாமல் கேட்கலாகாது. தகவல் வேண்டுவதாக மாத்திரமே கேள்வி அமைய வேண்டும். தர்க்கம் செய்யும் தொனியோ, அனுமானமோ, அவதூறோ அதில் தலைகாட்டக் கூடாது. தலைவர் விரும்பினால் காரணம் கூறாமலே தள்ளிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த பதிலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசலாகாது. காரியதரிசி எழுதிக் கொடுத்ததை அதிகாரி வாசிப்பார். கேட்டவர் வாய்பொத்தி உட்கார வேண்டும்.

இந்த விலங்கு இரண்டு தவணைகளில் தளர்ந்தது. 1909-ஆம் ஆண்டு மின்டோ-மார்லி சீர்திருத்தத்தின்போது, மூலக்கேள்வி கேட்டவருக்கு மட்டும், பதிலை விளக்கிக்கொள்வதற்காக உபகேள்வி கேட்கும் உரிமை வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சாசனத்தின்கீழ் 1921-இல் கூடிய புதிய சபைகளில் அந்த உரிமை எல்லா அங்கத்தினர்களுக்கும் விரிந்தது. மத்திய சட்டசபையில் கூட்டத்தின் முதல் மணி நேரம் கேள்விகளுக்கென ஒதுக்கப்பட்டதும், வாய்மொழியாகப் பதில் வேண்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கம் ஏற்பட்டதும் அக்காலத்திலேயே.

உபகேள்வியின் மகிமையை அறியாதவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். மூலக்கேள்விக்குரிய பதிலை இலாகாவிலுள்ள நிபுணர்கள் நாட்கணக்கில் யோசித்து, எந்தப் பக்கமும் பிடி கொடுக்காத பாஷையில் எழுதி அனுப்புகிறார்கள். அதை வாசிக்க எழுத்தறிவு ஒன்றே போதும். ஆனால், எத்தனை மனுக்கள் வந்தன என்ற கேள்விக்கு இத்தனை என்று பதில் கிடைத்தவுடன், அவற்றுள் எத்தனைக்குப் பரிகாரம் கிடைத்தது, கிடைக்காதவை யாருடைய மேஜையில் தேங்கின, அவருக்குக் காலக்கெடு ஏதும் உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் புறப்படும்போது, காகிதம் கைகொடுப்பதில்லை. இலாகாவின் நடப்பை மந்திரி உண்மையில் அறிந்திருக்கிறாரா என்பது அந்தக் கணத்தில் சபையோர் அனைவருக்கும் வெட்டவெளிச்சமாகிவிடும்.

சென்னை மாகாணத்தில் 1920-க்குப் பின் இரட்டை ஆட்சி நடந்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள் முதலியன மந்திரிகள் வசமும், போலீஸ், நிலவரி போன்றவை கவர்னரின் நிர்வாக சபையார் வசமும் இருந்தன. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் சாலையும் மந்திரிகளின் பொறுப்பாகவே, ஜனங்களின் குறைகளைச் சபையில் எழுப்புவதற்கு விரிவான இடம் ஏற்பட்டது. அந்த இடத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகள் குறிப்பிடத்தக்கவர்கள். வரிப்பணத்தில் போட்ட சாலையிலே நடக்கவும், வரிப்பணத்தில் வெட்டிய கிணற்றிலே நீர் மொள்ளவும் தம் மக்களுக்குத் தடை இருப்பதை அவர்கள் ஓயாமல் எடுத்துரைத்தார்கள். 1924-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஏற்று, பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் பொதுக் கட்டடங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று அதே ஆண்டில் சர்க்கார் உத்தரவும் பிறந்தது. உத்தரவு கிராமங்களைச் சென்றடையப் பல காலம் பிடித்தது உண்மைதான். எனினும் அதன் பின் மறுப்பவர்கள் வழக்கத்தைச் சொல்லித் தப்ப முடியாதபடி சர்க்காரின் சொந்த வாக்கே அவர்களுக்கு எதிராக நின்றது.

கேள்வி நேரத்தை ஒரு கலையாகவே வளர்த்தவர் எஸ். சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887-இல் பிறந்த இவர், சுயராஜ்யக் கட்சியின் சார்பில் 1923-இல் சென்னைச் சட்டசபையில் புகுந்து பயின்ற வித்தையை, 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் ஸர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குச் சென்றபின் பூரணமாகப் பிரயோகித்தார். அங்கே காங்கிரஸ் கட்சியின் தலைவர் பூலாபாய் தேசாய், உபதலைவர் சத்தியமூர்த்தி. எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிகள் அல்லர். வைஸ்ராயின் நிர்வாக சபை அங்கத்தினர்கள். நிதிக்கு ஸர் ஜேம்ஸ் கிரிக், உள்நாட்டு விவகாரத்துக்கு ஸர் ஹென்றி கிரெய்க், சட்டத்துக்கு ஸர் என். என். சர்க்கார் என்று, சபையின் வாக்கெடுப்பினால் பதவியிழக்கும் பயம் சிறிதுமில்லாத மனிதர்கள்.

அந்தச் சபையின் நிலைமையை நினைத்துப் பார்த்தால்தான் சத்தியமூர்த்தியின் சாமர்த்தியம் விளங்கும். காங்கிரஸும் ஜின்னாவின் சுயேச்சைக் கட்சியும் சேர்ந்தபோதெல்லாம் சர்க்கார் தோற்றது. தோற்றும் ஒன்றும் நேரவில்லை. 1935-ஆம் வருஷத்து நிதி மசோதாவில் சபை உப்பு வரியைக் குறைத்தது; வைஸ்ராய் தமது விசேஷ அதிகாரத்தால் பழைய வரியையே நிலைநிறுத்தினார். 1931-இல் முக்கால் அணாவாக ஏறிய தபால் கார்டைப் பற்றி ஏழை எளியவர்களுக்காக எத்தனை வாதாடினாலும் முடிவு அங்கத்தினர்கள் கையில் இல்லை. இவ்வாறு வாக்கு வலிமையற்றுப் போன ஒரு மன்றத்தில், வைஸ்ராயின் விசேஷ அதிகாரமும் செல்லாத நேரம் ஒன்று உண்டென்பதைச் சத்தியமூர்த்தி கண்டுகொண்டார். வரியை வைஸ்ராய் கையெழுத்தினால் விதிக்கலாம். உபகேள்விக்குப் பதிலைக் கையெழுத்தினால் உண்டாக்க முடியாது. ரயில்வே, தபால், ராணுவச் செலவு, உத்தியோகங்களில் இந்தியருக்குரிய பங்கு, கடல் கடந்த இந்தியரின் நிலை என்று எந்த இலாகாவானாலும் அறிக்கைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, சர்க்காரின் சென்ற வருஷத்துப் பதிலை இவ்வருஷத்துப் பதிலோடு மோதவிடுவது அவர் வழக்கம். அதிகாரிகளுக்கு அவர் சிம்ம சொப்பனமானார். கேள்வி நேரத்தின் பயங்கரம் என்று அவருக்குப் பட்டமே ஏற்பட்டது.

கேட்டவரே பதில் சொல்ல வேண்டிய காலமும் அவருக்கு வாய்த்தது. 1939-இல் சத்தியமூர்த்தி சென்னை நகரின் மேயரானபோது நகரம் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. காங்கிரஸ் மந்திரி சபை விலகி, மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது, யுத்தமும் தொடங்கிவிட்டது. பணமில்லை, காலம் சரியில்லை என்று சொல்லித் தப்புவதற்கு எல்லா வசதியும் இருந்தும், அவர் அப்படிச் சொல்லவில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்தை விடாப்பிடியாக வற்புறுத்தி, 1940-இல் அஸ்திவாரம் இடச் செய்தார். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டு, உடல் நைந்து, 1943 மார்ச் 28-ஆம் தேதி காலமானார். அடுத்த ஆண்டு நிறைவேறிய அந்த ஏரி இன்று அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகரம் என்று வழங்குகிறது.

சுதந்திரத்துக்குப் பின் கேள்விக்குப் பதவிகளை அசைக்கும் பலமும் வந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஹரிதாஸ் முந்திராவின் கம்பெனிப் பங்குகளை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிய விவகாரம் 1957-இல் லோக்சபையின் கேள்வி நேரத்தில்தான் கிளம்பியது. அதைக் கிளறியவர்களான ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள். நீதிபதி எம். சி. சக்ளாவின் விசாரணையைத் தொடர்ந்து, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாசாரி ராஜிநாமா செய்தார். மந்திரிகள் சபையில் கொடுக்கும் வாக்குறுதிகள் காற்றில் போகாமல் கண்காணிப்பதற்கென்று 1953-இலேயே லோக்சபையில் ஒரு குழு அமைந்தது. சென்னையில், 1957-இல் அண்ணாதுரையின் தலைமையில் பதினைந்து பேராகச் சபை புகுந்த திராவிட முன்னேற்றக் கழகத்தினருள், குளித்தலையிலிருந்து வந்த மு. கருணாநிதி தம் கன்னிப்பேச்சில் எடுத்துக்கொண்ட விஷயம் நங்கவரம் விவசாயிகளின் குறை. சிறு குறையிலிருந்து தொடங்கும் பழைய மரபு அங்கேயும் மாறவில்லை.

இவ்வுரிமைக்கு நெருக்கடிகளும் வந்தன. 1962-இல் சீன யுத்தத்தின்போதும், 1975-இல் அவசர நிலைமையின்போதும், 2020-இல் தொற்றுநோயின்போதும் பாராளுமன்றத்தில் கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் ஆபத்துக் காலங்களில் இழந்ததைவிட, சாதாரண நாட்களின் அலட்சியத்தால் இழந்ததே அதிகம் என்பது என் அபிப்பிராயம். மந்திரிகள் நழுவுகிறார்கள் என்று குறை சொல்லுகிறோம். கேள்வி கொடுத்த அங்கத்தினர் தம் பெயர் அழைக்கப்படும்போது ஆசனத்தில் இல்லாமற் போவதையும், ஒரு மணி நேரம் முழுதும் கூச்சலில் கரைந்து மந்திரி ஒரு பதிலும் சொல்லாமல் நிம்மதியாக வீடு திரும்புவதையும் என்னவென்று சொல்லுவது? கூச்சலால் லாபமடைகிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே.

அதிகாரம் ஏதுமில்லாத காலத்தில், அறிக்கைகளைப் படித்த உழைப்பையும் நாவையும் மட்டும் துணையாகக் கொண்டு நம் முன்னோர் இந்த நேரத்தைப் பயனுள்ளதாக்கினார்கள். சபை நடவடிக்கைகள் இன்று அச்சாகி யாவருக்கும் கிடைக்கின்றன. வாசகர்கள் தம் தொகுதியின் பிரதிநிதி சென்ற கூட்டத்தொடரில் என்னென்ன கேள்விகள் கேட்டார், உபகேள்விக்கு எழுந்தாரா, கிடைத்த வாக்குறுதி என்னவாயிற்று என்று ஒருமுறை எடுத்துப் பார்த்து, அடுத்த தேர்தலில் அவர் வாசலுக்கு வரும்போது அதையே அவரிடம் கேட்பார்களாக.