பிழைப்பு நாடிச் சென்றோரும் அவர்தம் உரிமைகளும்



ஊர்விட்டு ஊர் செல்லுதல் நம் மக்களுக்குப் புதியதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கும், கோலார் தங்கவயலுக்கும், பம்பாய்த் தாராவிக்கும் நம் முன்னோர் சென்றனர். கூலி மட்டுமன்று, மானமும் அவர்களை அழைத்தது. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் போற்ற மறுத்ததன் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலம் இழந்தோர் வெளியேறினர். வேலை தேடியோர் வந்து சேர்ந்தனர். பட்டா உடையவன் இழப்பீடு கேட்டான். பிறர் நிலத்தில் உழைத்தவன் எதைக் காட்டிக் கேட்பான்? சான்று இல்லாதவன் உரிமையும் இல்லாதவனாகிறான் என்பதே நாம் கற்ற முதற்பாடம்.

பின்னர் அரசின் நலத்திட்டங்கள் பெருகின. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. முன்பு கரும்பு வெட்டும் பருவத்தில் குடும்பமே புறப்பட்டுவிடும். வகுப்பறை பாதி காலியாகும். இன்று தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுச் செல்வோர் பலர். நலத்திட்டம் குடிபெயர்வை நிறுத்தவில்லை. அதன் வடிவத்தையே மாற்றியது.

எல்லை கடந்தால் நிலைமை வேறு. குடும்ப அட்டை வெளிமாநிலத்திலும் செல்லுவதற்கு 2019-இல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சாதிச் சான்றிதழ் அவ்வாறு செல்லாது. இங்குப் பட்டியல் சாதியினராக உள்ளவர் பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் குடியேறினால், அம்மாநில இடஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இலும் அதனை உறுதிசெய்தது. தீண்டாமை எல்லை கடந்து உடன் வருகிறது. பாதுகாப்போ எல்லையிலேயே நின்றுவிடுகிறது!

வாக்குரிமையும் இத்தகையதே. தற்காலிகமாக வெளியூர் சென்றதனால் மட்டும் ஒருவர் சொந்த ஊரின் வாக்குரிமையை இழப்பதில்லை என்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நிலை. ஆகவே, தேர்தல் நாளில் ஒருநாள் கூலியை இழந்தேனும் ஊர் திரும்புகின்றனர். வேலை செய்யும் ஊரில் வாக்கு இல்லாதவனுடைய குடிசைக்குக் குடிநீர் கேட்பவர் யார்? இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்க ஒரு பொறியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அடுத்து வந்த 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பூட்டிய வீட்டின் முன் படிவத்துடன் அலுவலர் நின்றால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதை நாம் உணர்ந்தோம்.

இளைஞர்களே! செல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லேன். நிலையாகக் குடியேறினால் அங்கேயே பெயரைப் பதிவு செய்யுங்கள். இங்கே இருப்போர், சென்றவர் வீட்டுத் தாள்களைக் காத்து நில்லுங்கள். நம் கல்விச் சங்கம் எழுத்தறிவித்ததன் பயன், எழுத்தறியாத அண்டை வீட்டாரின் உரிமையையும் காப்பதே ஆகும்.