38 மி.மீ., 28 மி.மீ.: ஒரே கொள்ளளவு, இரு கார்புரேட்டர்கள்

பர்மிங்காம் நகரின் ஸ்மால் ஹீத் ஆலையில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1956 முதல் 1963 வரை தயாரித்த டி.பி.டி.34 கோல்ட் ஸ்டாரும், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் 1953இல் உருவாகிப் பின்னர் சென்னைத் திருவொற்றியூரிலும் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட் 500உம் எஞ்சின் அளவில் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் சிலிண்டரின் விட்டம் 85 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 88 மி.மீ.; பின்னதில் அவை முறையே 84, 90; இரண்டின் கொள்ளளவும் 499 சிசி. ஆயினும், கோல்ட் ஸ்டாரின் கார்புரேட்டர் துளை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ.; சென்னைப் புல்லட்டினுடையதோ 28 மி.மீ. மட்டுமே. பரப்பளவாகப் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல 1.8 மடங்கு பெரியது. பழைய எஞ்சினை மாற்றியமைப்போர் சிசியை மட்டும் பார்த்துக் கார்புரேட்டர் வாங்கினால் ஏன் ஏமாற நேர்கிறது என்பதற்கு இந்த இணையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கார்புரேட்டரின் துளை வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அக்குறைவே மிதவை அறையிலுள்ள பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக மேலே இழுத்துச் சாரலாக்குகிறது. துளை பெரிதானால் உச்ச வேகத்தில் எஞ்சினுக்குத் தாராளமாகக் காற்று கிடைக்கும். ஆனால் சுழற்சி குறையும்போது காற்றின் வேகம் தளர்ந்து, பெட்ரோல் போதிய அளவில் எழும்பாததாலும், எழும்பியதும் சாரலாகாமல் துளிகளாகவே உள்ளே செல்வதாலும் எஞ்சின் திணறுகிறது. கோல்ட் ஸ்டார் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது அதன் துளையில் காற்றின் வேகம், நான்கு வீச்சுகளுக்கும் சராசரியாகக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 26 மீட்டர். 2,500 சுற்றில் அது 9 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே 2,500 சுற்றில் புல்லட்டின் 28 மி.மீ. துளையில் 17 மீட்டர் வேகம் நிலைத்திருப்பதால்தான், பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் இழுவை குன்றாமல் ஏறுகிறது.

இத்தகைய பெருந்துளை சாலை வண்டிக்கு வந்ததன் காரணத்தைப் பந்தய விதிகளில் தேட வேண்டும். ஐல் ஆஃப் மேன் தீவில் 1947 முதல் 1956 வரை நடந்த கிளப்மேன் டி.டி. போட்டியில், பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டிகள் மட்டுமே ஓடலாம் என்பது விதி. எனவே பந்தயத்துக்கு வேண்டிய உறுப்புகளை நிறுவனங்கள் விற்பனைப் பட்டியலிலேயே சேர்த்தன. 1956ஆம் ஆண்டின் ஜூனியர், சீனியர் போட்டிகள் இரண்டிலும் பெர்னார்டு காட் கோல்ட் ஸ்டாரிலேயே வென்றார். அமாக், பிரௌன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1927இல் இணைந்து உருவான அமல் நிறுவனத்தின் ஜி.பி. வகைக் கார்புரேட்டர், காற்றுப் பாதையில் எதுவும் குறுக்கிடாதபடி, பெட்ரோலை அளந்துவிடும் ஊசியைப் பக்கவாட்டு அறையில் ஒதுக்கி வைத்து, முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே வடிக்கப்பட்டது. அத்தகைய ஒன்றைப் பூட்டிய கோல்ட் ஸ்டார் சிக்னலில் சீராக நின்று ஓடாது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை ஓயாமல் முறுக்கி எஞ்சினை உயிரோடு வைத்திருக்க வேண்டும். நெருக்கப் பல்விகிதக் கியர்ப்பெட்டி பொருத்தியதாயின், முதல் கியரே மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் செல்லும் என்பதால், புறப்படும்போது நெடுந்தொலைவு கிளட்சை நழுவவிட்டே ஓட்ட வேண்டியிருந்தது. இவை வடிவமைப்பின் குறைகளல்ல. சுழற்சி தாழவே தாழாத பந்தயத் தடத்துக்காகத் தெரிந்தே கொடுக்கப்பட்ட விலை.

லண்டனின் வடக்கு வட்டச் சாலையிலிருந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், பந்தய வண்டிகளின் தாழ்ந்த கைப்பிடியைப் போலவே பெரிய கார்புரேட்டரையும் விரும்பினர். டிரையம்ப் நிறுவனம் 1959ஆம் ஆண்டு வண்டியாக வெளியிட்ட 649 சிசி போன்வில்லில் இந்த ஆவல் நிதானமான வடிவம் பெற்றது எனலாம். அதன் இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் கார்புரேட்டர் தரப்பட்டாலும், ஒவ்வொன்றின் துளையும் 27 மி.மீ. அளவிலேயே நிறுத்தப்பட்டது.

இந்த வரலாறு புல்லட்டை மாற்றியமைப்போருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. அமல் 1967இல் கொண்டுவந்த கான்சென்ட்ரிக் வகையின் 900 வரிசையில் துளைகள் 28 முதல் 32 மி.மீ. வரை கிடைத்தன; தேர்வு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தொழிற்சாலை நிலையில் புல்லட் 500 தன் 22 குதிரைத்திறனை 5,400 சுற்றில் தருகிறது. அப்போது துளையின் சராசரிக் காற்று வேகம் நொடிக்கு 36 மீட்டர். வால்வை அதிகம் உயர்த்தும் கேம் பொருத்தி உச்சத்தை 6,000 சுற்றுக்குக் கொண்டுசென்றாலும், அதே வேகத்தைக் காக்க 30 மி.மீ. துளை போதும்; 32 மி.மீ. பொருத்தினால் வேகம் 31 மீட்டருக்கு இறங்கும் என்பதால், நெடுஞ்சாலையில் மட்டும் விரைபவருக்கே அது ஏற்றது. 90 மி.மீ. நீளம் நகரும் பிஸ்டனும் அதைத் தாங்கும் கிராங்கும் 7,000 சுற்றுக்கென அமைந்தவையல்ல என்பதால், 38 மி.மீ. துளை கேட்கும் சுழற்சியை அந்த எஞ்சின் எட்டவே போவதில்லை. அளவு முடிவான பின், பெட்ரோல் குறைந்த கலவை பிஸ்டனை உருக்கிவிடும் என்பதை மனத்தில் கொண்டு, முழு முறுக்கில் வேலை செய்யும் மெயின் ஜெட்டைப் பெரிய எண்ணிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, அதன் பிறகே பைலட் ஜெட், சிலைடின் வெட்டு, ஊசியின் உயரம் என்ற வரிசையில் கீழ்நிலைகளைச் சரிசெய்வது அமல் காலத்திலிருந்து வரும் முறையாகும்.