வாசல் மூன்று, குடும்பம் ஒன்று

இங்கிலாந்திலே 1948-இல் எழுந்த சட்டங்கள் எளியோர்க்காகப் பிறந்தவைதாம். ஆயினும் உள்ளாட்சி மன்றங்களில் ஆதரவற்ற குழந்தைக்கு ஒரு துறை, முதியோர்க்கு ஒரு துறை, மனநோயாளிக்குச் சுகாதாரத் துறை எனப் பணிகள் பிரிந்து கிடந்தன. தாய்க்கு மனநோய், பாட்டிக்குத் தள்ளாமை, பிள்ளைக்குப் பராமரிப்பில்லை என்றால்? துயரைத் துண்டுபோட்டுக்கொண்டு மூன்று வாசல்களிலும் அலைய வேண்டும் அக்குடும்பம்!

குடும்பத்தை முழுதாய்க் காண ஒரே துறை வேண்டும் என்றது, 1965-இல் அமைந்து 1968-இல் அறிக்கை தந்த சீபோம் குழு. 1970-இல் சட்டம், 1971-இல் அப்பணிகள் ஒன்றாயின. இரவலராக அல்ல, உரிமையுடைய குடிமக்களாக ஏழையர் நுழைய ஒரு வாசல்!

2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் குழந்தைகள் நலம் கல்வியோடு இணைந்தது. ஆசிரியன் நான்; அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாய்? அவளுக்கு மீண்டும் வேறு வாசல்.