கிலோவிலிருந்து கிராமுக்கு: திருவனந்தபுரத்தில் போதைப்பொருள் மாறிவந்த தடம்

மன்னராட்சிக் காலத் திருவிதாங்கூரில் கஞ்சாவும் அபினும், கள் சாராயத்தைப் போலவே, அரசுக்கு வருவாய் தந்த சரக்குகள். உரிமம் பெற்ற கடையில் எடை போட்டு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், உடலுழைப்பாளிகள், சாமியார்கள். 1893-94இல் பிரிட்டிஷ் இந்தியாவில் விசாரணை நடத்திய கஞ்சா ஆணையமும், அளவோடு பயன்படுத்தினால் பெருங்கேடில்லை என்றே முடிவு சொன்னது. மாணவரின் சிக்கலாக இது அன்று யார் கண்ணிலும் படவில்லை.

திருப்பம் 1970களில் கடற்கரை வழியே வந்தது. மீன்பிடி ஊரான கோவளம் ஹிப்பிகளின் தங்குமிடமானது. இடுக்கி மலைக் கஞ்சாவுக்கு அயல்நாடுகளிலும் பெயர் பரவியது. 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவைக் கைவிட இந்தியாவுக்கு 25 ஆண்டு அவகாசம் தந்திருந்தது. அது முடிவதற்குள்ளேயே, 1985 நவம்பரில், போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் என்.டி.பி.எஸ். சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடுக்கித் தோட்டங்கள் அழிக்கப்பட, ஆந்திர-ஒடிசா எல்லை மலைகள் அந்த இடத்தைப் பிடித்தன. அப்போதும் சரக்கு மூட்டையாகத்தான் வந்தது; ரயிலிலோ லாரியிலோ ஏற்றியாக வேண்டும், வாடை காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் அமரவிளை கலால் சோதனைச் சாவடி அந்தக் காலத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு.

எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் வந்தபின் கணக்கே மாறிவிட்டது. தண்டனையைத் தீர்மானிக்க 2001இல் என்.டி.பி.எஸ். சட்டத்தின்கீழ் வகுத்த அளவுகளைப் பாருங்கள்: கஞ்சாவில் 'சிறு அளவு' ஒரு கிலோ, 'வணிக அளவு' 20 கிலோ, எம்.டி.எம்.ஏ.வில் அவை முறையே அரை கிராம், 10 கிராம். அரை கிராம் என்பது கல்லுப்பு போன்ற சில துணுக்குகள். ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறையில் அடங்கி, சட்டைப் பையிலோ கைப்பேசி உறைக்குள்ளோ கிடக்கும். சட்டையில் புகை நாற்றம் இல்லை. பெற்றோர் மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும், உறக்கம் கெடும், முடிவெடுக்கும் மூளைப்பகுதி இருபத்தைந்து வயதுவரை முதிராத இளைஞருக்கு இது இரட்டிப்புக் கேடு. செலவுக்குப் பணம் தேடி, வாங்குகிற பையனே விற்கிறவனாகவும் ஆகிவிடுகிறான். என் பார்வையில், சட்டம் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

கடல்வழி வேறு கதை. 2021 மார்ச்சில் லட்சத்தீவின் மினிக்காய் அருகே கடலோரக் காவல்படை மடக்கிய இலங்கைப் படகு ஒன்றில் சுமார் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.-47 துப்பாக்கிகளும் இருந்தன. படகு திருவனந்தபுரத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது இவ்வூர் இளைஞருக்காக வந்த சரக்கல்ல.

2014இல் மதுக்கூடங்களை மூடியதால்தான் பிள்ளைகள் போதைப்பொருளுக்குத் தாவினார்கள் என்று கேரளத்தில் பலர் வாதிடுவதுண்டு. அரசியலுக்கு வசதியான வாதம். 2017இல் மதுக்கூடங்கள் மீண்டும் திறந்தன. வழக்குகள் எகிறியதோ அதற்குப் பிறகுதான். மாநிலத்தில் 2021இல் ஆறாயிரத்தை எட்டாத என்.டி.பி.எஸ். வழக்குகள் மறு ஆண்டே 26 ஆயிரத்தைத் தாண்டின. ஒரே ஆண்டில் போதைப் பழக்கம் நான்கு மடங்காகியிருக்காது. இதில் பெரும்பங்கு சோதனை முடுக்கத்தின் விளைவு. வழக்கு எண்ணிக்கையை நோயின் அளவாகப் படிப்பது பிழை.

2016இல் தொடங்கிய கேரள அரசின் 'விமுக்தி' போதை ஒழிப்புத் திட்டம் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது நல்ல மாற்றம். அதன் மாவட்டச் சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில், அமரவிளைக்குப் பக்கத்திலேயே, இயங்குகிறது. சாவடியை அறிந்த அளவுக்கு மக்கள் இதை அறியவில்லை. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடிக்கும் அடிமைப்பட்டவர் மீது, சிறு அளவு வழக்கில், குற்ற நடவடிக்கை கிடையாது.