சிதைந்த ஏடும் துளையுள்ள கோப்பும்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்கோட்டை, வைணவ மரபில் திருநாராயணபுரம் எனப்படும். அவ்வூரில் வாழ்ந்த ஆய் என்னும் ஆசிரியரைக் காண மணவாள மாமுனிகள் (1370–1443) ஆழ்வார்திருநகரியிலிருந்து புறப்பட்டதாகக் குருபரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இயற்றிய ஆசார்ய ஹிருதயத்தின் 22ஆம் சூத்திரத்திற்குப் பொருள் கேட்பதே பயணத்தின் நோக்கம். அதே வேளையில் ஆயும் மேல்கோட்டையிலிருந்து புறப்பட்டு வர, ஆழ்வார்திருநகரியின் எல்லையிலேயே இருவரும் சந்தித்தனர் என்பர். சந்திப்பின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அச்செய்தி ஒரு வாசிப்பு ஒழுக்கத்தைப் பதிவு செய்கிறது. விளங்காத இடத்தை வாசகர் தாண்டிச் செல்லவில்லை. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

மாமுனிகளின் மற்றொரு பணியில் இவ்வொழுக்கம் இன்னும் தெளிவாகப் புலப்படும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அழிந்த பகுதிக்கு மட்டும் மாமுனிகள் புதிதாக உரை வகுத்தார். பழைய உரை எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். இடைவெளி நிரப்பப்பட்டது, ஆனால் அதன் எல்லை மறைக்கப்படவில்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் நிரப்பவும் முயலவில்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டார். 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்காதபோதும் அவ்வெண்கள் வெற்றிடமாக நின்றன. ஆகவே 269ஆம் பாடல் தன் இடத்திலிருந்து நகரவில்லை.

கணினிக் கோப்பமைப்பும் இதே ஏற்பாட்டைக் கொண்டது. யூனிக்ஸ் தொடக்கக் காலத்திலிருந்தே ஒரு நிரல் கோப்பின் முதலில் ஒரு பைட்டை எழுதிவிட்டு, நூறு கோடி பைட்டு தள்ளிச் சென்று அடுத்ததை எழுதலாம். கோப்பின் நீளம் நூறு கோடிக்கு மேல் காட்டும்; வட்டில் அது பிடிப்பதோ இரண்டு தொகுதிகள், இன்றைய வழக்கமான அளவில் 8 கிலோபைட்டு. இடைப்பட்ட பகுதி ‘துளை’. அதற்கு இருப்பிடமும் நீளமும் உண்டு, உள்ளடக்கம் இல்லை. புறநானூற்றின் 267ஆம் எண் போன்றதே அது.

சிக்கல் வாசிக்கும்போது எழுகிறது. துளைப்பகுதியைக் கேட்கும் நிரலுக்கு இயங்குதளம் சுழியங்களை நிரப்பித் தருகிறது, பிழைச்செய்தி ஏதுமில்லை. எழுதப்பட்ட சுழியமும் எழுதப்படாத இடமும் வாசிக்கும் நிரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன. மொழியியல் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. எழுவாய் வேற்றுமையில் உருபு இல்லாமையை இலக்கணம் ஒரு மதிப்பாகவே கொள்கிறது. ஏட்டின் ஓரம் ஒடிந்து உருபு மறைந்ததை எவரும் எழுவாய் வேற்றுமை எனக் கொள்வதில்லை. லினக்ஸிலும் இவ்வேறுபாடு பொருட்படுத்தப்படும் இடம் உண்டு: நினைவகத்திற்குத் துணையாகும் ஸ்வாப் கோப்பில் துளை இருப்பின், அதைப் பயன்படுத்த அமைப்பு மறுத்துவிடும்.

படியெடுக்கும் நிரல்கள் நெடுங்காலம் ஊகத்தையே நம்பின: நீண்ட சுழியத் தொடரைக் கண்டால் அதைத் துளையாக்கின. 2005ஐ ஒட்டி சோலாரிஸ் அமைப்பில் ‘அடுத்த துளை எங்கே, அடுத்த தரவு எங்கே’ என்று கோப்பமைப்பையே வினவும் சீக்-ஹோல், சீக்-டேட்டா என்னும் வசதிகள் வந்தன. 2011இல் லினக்ஸின் 3.1 பதிப்பு அவற்றை ஏற்றது. அவற்றின் வரையறையில் ஒரு நுட்பம் உண்டு. துளைகளைக் கண்டறிய இயலாத கோப்பமைப்பு, கோப்பு முழுவதையும் தரவு என்றே விடையளிக்கலாம். துளையைத் தரவு என்றால் வீணாவது நேரமும் இடமுமே. தரவைத் துளை என்றால் மூலபாடமே போய்விடும்.

2023 நவம்பரில் அந்த இரண்டாம் தவறே வெளிப்பட்டது. ஓப்பன்-ஜெட்எஃப்எஸ் கோப்பமைப்பில், அப்போதுதான் எழுதப்பட்டு வட்டுக்குச் சென்று சேராத தரவைப் பற்றி வினவியபோது, அரிதாகச் சில வேளைகளில் ‘துளை’ என்ற விடை வந்தது. 2021இல் வெளியான கோர்யூட்டில்ஸ் 9.0 முதல் சிபி கட்டளை அவ்வினாவையே நம்பிப் படியெடுத்தது. துளை எனப்பட்ட இடத்தைத் தாண்டிச் சென்றது. படியின் நீளம் மூலத்தோடு ஒத்திருந்தது, உள்ளே சுழியங்கள். ஜென்டூ லினக்ஸ் பயனர்களின் கணினிகளில் இது முதலில் தென்பட்டபோது, 2.2.0 பதிப்பில் புதிதாக வந்த தொகுதிப் பகிர்வு வசதிமீது ஐயம் விழுந்தது. 2.2.1 பதிப்பில் அதை முடக்கியும் பயனில்லை. குறை பல ஆண்டுகள் பழையது. புதிய வசதி அதை வெளிக்கொணர்ந்ததோடு சரி. நவம்பர் இறுதியில் வந்த 2.2.2, 2.1.14 பதிப்புகள் அதைத் தீர்த்தன. திருத்தம் மிகச் சிறியது: கோப்பில் எழுதி முடியாத பகுதி எஞ்சியுள்ளதா என்பதை முழுமையாகச் சோதித்த பின்னரே துளையைப் பற்றி விடை கூறுதல்.

சுவடி நூலகங்களின் ஏடுகள் படக்கோப்புகளாகி, வட்டிலிருந்து வட்டுக்குப் படியெடுக்கப்படும் காலத்தில் இது தொழில்நுட்பருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அக்கோப்பமைப்பின் சரிபார்ப்புத் தொகையும் இங்கே உதவாது; படியில் விழுந்த துளைகள் கோப்பமைப்பின் பார்வையில் முறையானவையே, அவற்றில் பிழை எதுவும் தென்படாது. அத்தகைய படியில் எந்தச் சுழியம் மூலத்தில் இருந்தது, எது விடுபட்ட இடம் என்பதை அப்படியை மட்டும் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. மூலக்கோப்பு அழிக்கப்படாதிருந்தால், இரண்டையும் பைட்டு பைட்டாக ஒப்பிட்டுக் காணலாம்.