எந்த பாபு, எந்த வருஷம்?

ஜே. பி. சந்திரபாபுவின் எந்தக் காலம் சிறந்தது என்று திருவொற்றியூர் பக்கம் கேட்டுப் பாருங்கள், உடனே இரண்டு கட்சி கிளம்பும். ஒன்று டான்ஸ் பாபு கட்சி. ஐம்பதுகளில் உடம்பை ரப்பராக வளைத்து, குரலை மேலேயும் கீழேயும் உடைத்து 'யோடலிங்' செய்தாரே, அவர்தான் ஒரிஜினல் என்பார்கள். இன்னொன்று தத்துவ பாபு கட்சி. "அடிபட்ட அப்புறம் பாடினாரே, அதான்பா பாட்டு. முன்னாடி பாடினதெல்லாம் விளையாட்டு" என்பார்கள். துறைமுகத்திலும் எண்ணூர்ச் சாலைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர்கள் நடத்துகிற வழக்கு இது. சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ராக் அண்ட் ரோல் இருக்கும் இடத்திலெல்லாம் இப்படி ஒரு வழக்கு உண்டு. எல்விஸ் பிரெஸ்லி 1958 மார்ச்சில் ராணுவத்துக்குப் போனார், 1960 மார்ச்சில் திரும்பினார். போவதற்கு முந்தைய எல்விஸா, 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கறுப்புத் தோலுடையில் வந்த எல்விஸா, லாஸ் வேகஸ் எல்விஸா என்று அங்கே மூன்று கட்சி. பாபுவை 'தமிழ்நாட்டு எல்விஸ்' என்று சொல்லும் வழக்கம் டான்ஸ் பாபு கட்சிக்கு உண்டு. அன்பாகச் சொல்வதுதான், ஆனால் தேதி இடிக்கிறது.

எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954 ஜூலையில் வந்தது. அதே 1954-இல் பாபு மற்ற நடிகர்களுக்கே மேற்கத்திய பாணியில் பின்னணி பாடிக்கொண்டிருந்தார். 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'யில் சிவாஜி கணேசனுக்கு, ஏவிஎம்மின் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்கு. பாபு பிறந்தது 1927, தூத்துக்குடியில். அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் தன் முதல் 'ப்ளூ யோடல்' பாட்டைப் பதிவு செய்ததும் அதே வருஷம்தான். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட அப்பா இலங்கைக்கு அனுப்பப்பட, பையன் கொழும்பில் வளர்ந்தார், பிறகு குடும்பம் மெட்ராஸ் வந்தது. எல்விஸைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அடுத்து தத்துவ பாபு கட்சி. இவர்கள் வாதம் பலமானதாகத் தெரியும். வாழ்க்கை அப்படி. 1947-இல் 'தன அமராவதி'யில் அறிமுகம். வாய்ப்பே இல்லாமல் 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை விடத் துணிந்தவர், அடுத்த பத்து வருஷத்தில் உச்சத்துக்குப் போனார். எம்.ஜி.ஆரை வைத்து அவர் எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. 1966-இல் அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' ஓடவில்லை. 1974 மார்ச்சில் இறந்தபோது வயது 46. இத்தனையும் தெரிந்த ஒருவர் 'சிரிப்பு வருது' பாட்டைக் கேட்டால் சொந்தக் கதை என்றுதான் தோன்றும்.

என் வேலையில் ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் லாக் ஃபைலில் நேரத்தைத்தான் பார்ப்போம். எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி என்று. பாபுவின் பாட்டுகளையும் அப்படி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 'நான் ஒரு முட்டாளுங்க' 1959, 'சகோதரி'. 'பிறக்கும்போதும் அழுகின்றாய்' 1960, 'கவலை இல்லாத மனிதன்'. 'ஒண்ணுமே புரியலே' 1961, 'குமாரராஜா'. 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' 1962, 'அன்னை'. 'சிரிப்பு வருது' 1964, 'ஆண்டவன் கட்டளை'. தத்துவப் பாட்டு என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான். எல்லாமே 1966-க்கு முன்னால், கேட்ட சம்பளம் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் பாடியவை. அடிபட்டதால் பாட்டு வரவில்லை. பாட்டு முதலில் வந்தது, அடி பின்னால் விழுந்தது. முடிவு தெரிந்த நாம்தான் பின்னாலிருந்து முன்னால் கேட்கிறோம்.

அப்படியென்றால் ஜாலி பாபு, சோக பாபு என்ற பிரிவே சரியில்லை. எங்கள் ஏரியாக்காரர்களுக்கு இது புரியாமல் போவதுதான் ஆச்சரியம். காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ சாவு வீட்டில் ராத்திரி கானா பாடுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வார்த்தை மரணத்தைப் பற்றி இருக்கும், தாளம் காலை ஆட்ட வைக்கும். நடுவில் ஒரு கிண்டல் வரும், அழுதுகொண்டிருப்பவரே சிரிப்பார். சோகத்துக்கு ஒரு காலம், கும்மாளத்துக்கு ஒரு காலம் என்று கானாவில் கிடையாது. பாபு கானா பாடகர் இல்லை. ஆனால் அந்தக் காதோடு கேட்டால் 'முட்டாளுங்க' பாட்டு சிரிப்பா அழுகையா என்ற கேள்வியே எழாது.

ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு 1957 முதல் 1959 வரை. 'புதையல்', 'மணமகன் தேவை', 'சபாஷ் மீனா', 'மரகதம்', 'சகோதரி' எல்லாம் இந்த மூன்று வருஷத்துக்குள் வந்துவிட்டன. ஜமுனாராணியோடு பாடிய 'குங்குமப்பூவே' இதில்தான் வருகிறது. யோடலிங்கும் இருக்கிறது, தத்துவமும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் எனக்கு முக்கியமான காரணம் வேறு. மெட்ராஸ் பாஷை.

பி. ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா'வில் (1958) பாபுவுக்கு இரட்டை வேடம். ஒருவர் படித்த இளைஞர், மற்றவர் ரிக்‌ஷா இழுப்பவர். 'சகோதரி'யில் பால்காரர். வட சென்னைப் பேச்சைக் காமெடிக்கு ஒதுக்கிவைக்கும் பழக்கத்துக்கு இந்தப் படங்களும் உடந்தைதானே என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓஎம்ஆரில் வேலைக்குப் போகும் எங்கள் ஏரியாப் பையன்கள் மீட்டிங்கில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று வைத்திருக்கிறோம். வாய்தவறி ஒரு "இன்னாபா" வந்துவிட்டால், "நீ நார்த் மெட்ராஸா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 'சபாஷ் மீனா'வில் நடப்பதைக் கவனியுங்கள். அதே முகம், அதே உடம்பு, இரண்டு பேச்சு. ஒருவனைப் படித்தவனாகவும் மற்றவனை ரிக்‌ஷாக்காரனாகவும் காட்டுவது சட்டையும் மொழியும்தான். ஒரே ஆள் இரண்டையும் அவ்வளவு சரளமாகப் பேசும்போது எது உசத்தி என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. நாங்கள் தினமும் செய்வதும் இதைத்தான், தினம் இரட்டை வேடம். பாபுவுக்கும் இது பிறந்த ஊர்ப் பேச்சு இல்லை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், யோடலிங்கைப் பழகியதுபோலவே மெட்ராஸ் பாஷையையும் காதால் பிடித்துப் பழகினார். இரண்டுக்கும் ஒரே அளவு மரியாதை கொடுத்தார்.

பெரியவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொன்னால் இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். பரவாயில்லை. தத்துவ பாபு கட்சிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை 'சிரிப்பு வருது' கேட்கும்போது 1974-ஐக் கொஞ்சம் மறந்துவிட்டு, 1964-இல் தியேட்டரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கேளுங்கள். பாடுகிறவருக்கு வயது 37-கூட ஆகவில்லை. நன்றாகப் பாடுகிறார், அதை ரசித்துப் பாடுகிறார்.